ஆடுபுலி முதல் மரியோ வரை: நல்ல விளையாட்டை எப்படி அறிவது?

ஓண விடுமுறைக்குக் குமுளியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கம்பத்தில் பஸ் ஏறும்போது வெயில். லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதையில் வளைவுகள் தொடங்கியதும் சாரல். குமுளியில் இறங்கும்போது நல்ல மழை. எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கை மகன் என் பையை வாங்கிக்கொண்டே கேட்டான்: "மாமா, என் போனில் இன்னும் ஒரே ஒரு கேமுக்குத்தான் இடம் இருக்கிறது. எதைப் போடலாம்?"

பள்ளியில் கணினி சொல்லிக்கொடுப்பவன் நான். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அவனே அடுத்ததாக, "கிராபிக்ஸ் நன்றாக இருந்தால் நல்ல கேம்தானே?" என்றான். இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆனது. ஏன் இல்லை என்று விளக்க மூன்று நாள் ஆனது. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். வீடியோ கேமைத் தொட்டே பார்க்காத பெற்றோருக்கும் இது விளங்க வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளைகள் இரவும் பகலும் கையில் வைத்திருக்கும் ஒன்றில் எது நல்லது, எது கெட்டது என்று அவர்களோடு உட்கார்ந்து பேச நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிராபிக்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற கணினி அறிஞர் டெட்ரிஸ் விளையாட்டை உருவாக்கினார். அவரிடம் இருந்தது எலக்ட்ரோனிகா 60 என்ற கணினி. அதில் படம் வரைய வழியே கிடையாது, எழுத்துகளும் குறிகளும் மட்டுமே திரையில் வரும். அதனால் மேலிருந்து விழும் கட்டைகளை அவர் அடைப்புக்குறிகளை அடுக்கிக் காட்டினார். நிறமும் இல்லை, கதையும் இல்லை, எதிரியும் இல்லை. நான்கு சதுரங்களைச் சேர்த்தால் கிடைக்கும் ஏழு வடிவங்கள் மட்டும்தான். அந்த விளையாட்டு உலகம் முழுவதும் பரவியது. என் சிறு வயதில் வீரபாண்டித் திருவிழாக் கடையில் அப்பா வாங்கித் தந்த, '9999 விளையாட்டுகள்' என்று அட்டையில் எழுதியிருந்த கையடக்கக் கருவியிலும் இருந்தது அதுதான். சாம்பல் நிறத் திரை, கறுப்புக் கட்டங்கள். பேட்டரி தீரும்வரை கீழே வைக்க மாட்டேன். அழகான படம் கண்ணுக்கு விருந்து, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. புனேயைச் சேர்ந்த ஒரு குழு 2020இல் வெளியிட்ட 'ராஜி' என்ற விளையாட்டின் கோட்டைகளையும் ஓவியங்களையும் பார்க்கவே நான் நின்று நின்று போயிருக்கிறேன். ஆனாலும் படம் என்பது இலையின் பச்சை. பசிக்குச் சோறு வேண்டும்.

அந்தச் சோறு எது என்று பேசத் தொடங்கிய நேரத்தில் மின்சாரம் போனது. மழைக்காலத்தில் குமுளியில் இது சாதாரணம். போனிலும் சார்ஜ் இல்லை. தங்கை மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் சாக்கட்டியால் தரையில் ஆடுபுலிக் கட்டம் வரைந்தேன். கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23. மூன்று புளியங்கொட்டை புலி, பதினைந்து ஏலக்காய் ஆடு. ஏலக்காய்க்கு அந்த வீட்டில் பஞ்சமில்லை.

பல ஊர்களில் கோயில் மண்டபத் தரைக் கற்களிலேயே இந்தக் கட்டம் செதுக்கப்பட்டிருக்கும். விதிகள் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். ஆட்டுக்காரர் ஒவ்வோர் ஆடாக வைப்பார், பதினைந்தையும் வைத்து முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலி பக்கத்துப் புள்ளிக்கு நகரலாம், அல்லது ஓர் ஆட்டைத் தாண்டி அந்தப் பக்கம் காலியாக இருக்கும் புள்ளிக்குப் பாய்ந்து அதை வெட்டலாம். ஆடுகள் எல்லாப் புலிகளையும் அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி.

முதல் ஆட்டத்தில் மருமகன் ஆடுகளை வேகமாக வைத்தான். நான்காவது ஆட்டை வைத்த கை விலகுவதற்குள் புலி அதைத் தாண்டிவிட்டது. "ஐயோ, அங்கே வைத்திருக்கக் கூடாது" என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் நான் விளையாட்டை நிறுத்தினேன். நான் சொல்ல வேண்டியது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. தோற்றவனுக்குத் தான் எங்கே தவறினோம் என்று தெரிகிறது, வேறு எங்கே வைத்திருக்கலாம் என்றும் தெரிகிறது. விளையாட்டு அவனுடைய முடிவைக் கேட்டது, அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னது.

இதைப் பரமபதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க அதைவிட நல்ல துணை இல்லை. ஏணியில் ஏறும் மகிழ்ச்சியும் பாம்பில் இறங்கும் பதற்றமும் நிஜம்தான். ஆனால் ஆடுபவர் எடுக்கும் முடிவு அதில் ஒன்றுகூட இல்லை. தாயக்கட்டையை நான் உருட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரர் எனக்காக உருட்டினாலும் காய் போகிற இடம் ஒன்றுதான். ஆயிரம் முறை ஆடியவருக்கும் இன்று முதல்முறை ஆடும் குழந்தைக்கும் வித்தியாசம் இருக்காது. தாயம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. விழும் எண் அதிர்ஷ்டம், எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில். அதிர்ஷ்டம் இருப்பது குறையில்லை. அதிர்ஷ்டத்துக்குப் பிறகு நமக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

'சிவிலைசேஷன்' விளையாட்டை 1991இல் உருவாக்கியவர்களில் முதன்மையானவரான சிட் மெய்யர், விளையாட்டு என்பது சுவையான முடிவுகளின் தொடர் என்று சொல்லி வந்தார். சுவையான என்ற சொல்லில்தான் சூட்சுமம். இரண்டு வழிகளில் ஒன்று எப்போதுமே சிறந்தது என்றால் அங்கே முடிவு எடுக்க ஒன்றும் இல்லை. சுடும் விளையாட்டில் பத்துத் துப்பாக்கி கொடுத்துவிட்டு, அதில் ஒன்று எல்லா இடத்திலும் மற்ற ஒன்பதையும் வெல்லும் என்று வைத்தால், இருப்பது ஒரே துப்பாக்கிதான். அதேபோல, என்ன விளையும் என்று துளியும் ஊகிக்க முடியாத இடத்தில் எடுப்பதும் முடிவாகாது, கண்ணைக் கட்டிக்கொண்டு உருட்டுவது போலத்தான். ஆடுபுலியில் ஆட்டை நடுவில் வைத்தால் புலியின் வழியை மறிக்கலாம், ஆனால் வெட்டுப்படும் ஆபத்து உண்டு. ஓரத்தில் வைத்தால் பத்திரம், ஆனால் புலி சுதந்திரமாகத் திரியும். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கை கட்டத்தின் மேல் தயங்கி நிற்கிறது. அந்தத் தயக்கம்தான் விளையாட்டின் உயிர்.

மறுநாள் மின்சாரம் வந்ததும் அவன் போனை எடுத்து இரண்டு ஓட்ட விளையாட்டுகளைக் காட்டினான். இரண்டிலும் ஒருவன் ஓடுகிறான், தடை வந்தால் தாவுகிறான். விதிகள் ஒன்றே, படங்களும் கிட்டத்தட்ட ஒன்றே. "ஆனால் இது நன்றாக இருக்கிறது, அது கையில் ஒட்டவில்லை மாமா" என்றான். இதைவிடச் சரியாக அதைச் சொல்ல எனக்குத் தெரியாது. விரலுக்கும் திரைக்கும் உள்ள உறவு அது. குமுளியில் ஜீப் ஓட்டும் என் தங்கை கணவர் உடனே, "ஸ்டியரிங்கில் பிளே அதிகமாக இருந்தால் அப்படித்தான் இருக்கும்" என்றார். திருப்பியதற்கும் சக்கரம் திரும்புவதற்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம். மேட்டில் அந்த வண்டியை யாரும் விரும்பி எடுக்க மாட்டார்கள்.

பெரும்பாலான விளையாட்டுகள் ஒரு நொடிக்கு 60 படங்களை மாற்றிக் காட்ட முயல்கின்றன. அதாவது ஒரு படத்துக்குச் சுமார் 16 மில்லி நொடி. விரல் தொட்டதற்கும் ஆள் தாவுவதற்கும் இடையே ஒரு சில படங்கள் தாமதமானாலும் கை உணர்ந்துவிடும், மூளைக்குக் காரணம் தெரியாவிட்டாலும். 1985இல் நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' இன்றும் கையில் ஒட்டுவதற்குக் காரணம் அதன் தாவல். பொத்தானைத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் உயர்ந்த தாவல். ஓடி வந்து தாவினால் தூரம் கூடும். வானத்தில் இருக்கும்போதே கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயலாம். ஒரே பொத்தானுக்குள் எத்தனை பேச்சு! தாவுவதே இன்பமாக இருப்பதால், தாவுவதை மட்டும் வைத்து ஒரு முழு விளையாட்டைக் கட்ட முடிந்தது.

இதில் இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. 2018இல் வந்த 'செலஸ்ட்' மலையேறும் ஒரு பெண்ணின் கதை, கடுமையான விளையாட்டு. அதில் பாறை விளிம்பைத் தாண்டி கால் காற்றுக்குப் போன பிறகும், நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்குத் தாவலை ஏற்றுக்கொள்வார்கள். பழைய கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டியும் சற்று நேரம் காற்றிலேயே ஓடும் கயோட்டி என்ற ஓநாய் இன விலங்கை நினைவில் வைத்து இதற்குக் 'கயோட்டி நேரம்' என்று பெயர். கணக்குப்படி பார்த்தால் அந்தத் தாவல் செல்லாது. ஆனால் ஆடுபவர் தன் மனதில் விளிம்பிலேயே அழுத்திவிட்டார். "நான் அழுத்தினேனே!" என்று அவர் போனைத் திட்டும் நிலை வராமல் காப்பதற்குத்தான் இந்தச் சலுகை. கடினமாக இருப்பதும் அநியாயமாக இருப்பதும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தை ஒரு நொடியின் சிறு பங்கில் கவனித்துச் செதுக்கும் மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நல்ல விளையாட்டு நல்ல ஆசிரியரும்கூட. ஆசிரியராக இருப்பதால் இதைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். மரியோவின் முதல் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். எந்த விளக்க உரையும் இல்லை. மரியோ திரையின் இடது பக்கம் நிற்கிறான், வலது பக்கம் முழுவதும் காலி. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சற்று நடந்ததும் காளான் போன்ற ஒரு சிறு பகைவன் எதிரே வருகிறான். தாவாமல் நின்றால் சாவு, ஆனால் இழப்பு சில நொடி நடைதான். அடுத்த முறை தாவிப் பார்க்கிறீர்கள், அவன் தலையில் இறங்கினால் நசுங்குகிறான். மேலே கேள்விக்குறி மின்னும் பெட்டி. முட்டினால் ஒரு காளான் வெளியே வந்து வலப்பக்கம் நகர்ந்து, குழாயில் மோதித் திரும்பி உங்களை நோக்கியே வருகிறது. பகைவன் என்று பயந்து தாவினால் மேலே இருக்கும் கட்டைகள் தலையில் இடிக்கும், தப்பிப்பது கடினம். காளான் தொட்டதும் மரியோ பெரிதாகிறான். ஓ, இது நல்லது! மரியோவை வடிவமைத்த ஷிகேரு மியமோட்டோவும் அவர் குழுவும் இந்த இடத்தைத் திட்டமிட்டே அப்படி அமைத்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் நான்கு பாடம், ஒரு வார்த்தை அறிவுரை கிடையாது. என் வகுப்பில் ஒருநாளாவது இப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் ஏங்குவதுண்டு.

கற்றுக்கொடுத்த பிறகு சோதிக்க வேண்டும், அதுவும் அளவாக. இதை விளக்கத் தங்கை கணவரைத்தான் அழைத்தேன். அவரிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் பையன்களை முதல் நாளே மலைப்பாதைக்குக் கூட்டி வருவதில்லை. கம்பம் கூடலூர் சமவெளிச் சாலையில் சில நாள். பிறகு லோயர் கேம்ப் ஏற்றம். பிறகு பகல் வெளிச்சத்தில் வளைவுகள். பனி மூடிய அதிகாலை கடைசியில்தான். "முதல் நாளே வளைவில் விட்டால் பயந்துவிடுவான். மூன்று மாதம் சமவெளியிலேயே விட்டால் தூங்கிவிடுவான்" என்றார். உளவியல் அறிஞர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1970களிலிருந்து ஆராய்ந்து சொன்னதும் இதுவே. சவால் திறமையைவிட மிக அதிகமானால் பதற்றம், மிகக் குறைவானால் சலிப்பு. இரண்டும் ஒட்டி ஒட்டி ஏறும்போது மனம் காரியத்தில் கரைந்து நேரம் போவதே தெரியாமல் போகும்.

இந்த ஏற்றம் ஒருமுறை தற்செயலாகவே கிடைத்தது. 1978இல் ஜப்பானின் டோமோஹிரோ நிஷிகடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் 55 வேற்றுலகப் படைவீரர்கள் மேலிருந்து இறங்கி வருவார்கள். அத்தனை பேரையும் வரைய அன்றைய கணினிச் சில்லு திணறியது, அதனால் மெதுவாக நகர்ந்தார்கள். சுடச் சுட எண்ணிக்கை குறையும், சில்லின் சுமை குறையும், மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். கடைசி ஒருவன் பறப்பான். நிஷிகடோ அதைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டார். வெற்றி நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும் அந்த அமைப்பு இயந்திரத்தின் பலவீனத்திலிருந்து பிறந்தது.

ஆனால் ஏறிக்கொண்டே போவது மட்டும் போதாது. மலைப்பாதையிலும் வண்டியை ஓரம் கட்டி ஒரு தேநீர் குடிக்க இடம் வேண்டும். 1980இல் டோரு இவடானி உருவாக்கிய 'பேக்மேன்' இதற்கு நல்ல சான்று. அதில் நான்கு பேய்கள் துரத்தும். சிவப்புப் பேய் நேராகப் பின்னால் வரும், இளஞ்சிவப்புப் பேய் நீங்கள் போகும் வழியின் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும், ஆரஞ்சுப் பேய் தூரத்திலிருந்து வரும், நெருங்கினால் விலகி ஓடும். ஒவ்வொன்றின் குணமும் வேறு என்பதால் பழகப் பழக அவற்றைப் படிக்க முடிகிறது. இடையிடையே நான்கும் துரத்துவதை விட்டுத் தம் மூலைகளுக்குப் போய்விடும், பிறகு மறுபடி வரும். அந்தச் சில நொடி மூச்சு இல்லையென்றால் அது வெறும் தொல்லையாக மாறியிருக்கும்.

கதை பற்றியும் கேட்டான். நல்ல கதை இருந்தால் நல்லது, அதற்காகவே சில விளையாட்டுகளை ஆடலாம். ஆனால் நான் செய்வது எதுவும் கதையைத் தொடவில்லை என்றால் எனக்குப் படம் பார்ப்பதே மேல். 'மைன்கிராஃப்ட்' போல வெற்றி தோல்வி என்று எதையும் நம் முன் வைக்காதவையும் உண்டு. கட்டைகளைக் கொடுத்து உன் விருப்பம் என்று விட்டுவிடுவார்கள். அங்கே இலக்கை நாமே வைத்துக்கொள்கிறோம், கட்டிய வீட்டின் கூரை சரியாக வந்ததா என்பதே பதில்.

மூன்றாம் நாள் பேசியது கசப்பான பகுதி. பக்கத்து வீட்டுப் பையன் ஓர் இலவச விளையாட்டில் பரிசுப் பெட்டிகள் வாங்கி வாங்கி அப்பாவின் கணக்கில் இருந்த பணத்தைக் கரைத்திருந்தான். வீட்டில் ஒரே ரகளை. "அவனால் விடவே முடியவில்லை மாமா, அப்படியென்றால் அது மிக நல்ல கேம்தானே?" என்று இவன் கேட்டது நியாயமான கேள்வி.

விட முடியவில்லை என்பதும் நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். கொத்தினால் இரை கிடைக்கும், ஆனால் எத்தனையாவது கொத்துக்கு என்று தெரியாது. அப்படி வைத்தபோது புறாக்கள் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தன, இரை நின்ற பிறகும் நெடுநேரம் கொத்தின. காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டியில் என்ன இருக்கும் என்று தெரியாமல் வைப்பதும் அதே வேலைதான். 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், சில விளையாட்டுகளில் காசுக்கு விற்கப்படும் இத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று அறிவித்தது. அங்கே பையன் எடுக்கும் முடிவு என்ன? பரமபதத்தில் போலவே ஒன்றும் இல்லை. பரமபதம் காசு கேட்பதில்லை என்பது மட்டும்தான் வேறுபாடு. நம் பிள்ளைகளின் ஆசையை இப்படிக் கணக்குப் போட்டுச் சுரண்டுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "நாணயம், பெட்டி, தினப் பரிசு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அந்த விளையாட்டில் மிச்சம் இருப்பது என்ன? அதை நீ ஆடுவாயா?" நெடுநேரம் யோசித்தான். டெட்ரிஸை ஆடுவேன் என்றான். ஆடுபுலியை ஆடுவேன் என்றான். பக்கத்து வீட்டுப் பையனின் விளையாட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை அவனே ஒரு விளையாட்டை உருவாக்கப் போவதாகச் சொல்லிப் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரையத் தொடங்கினான். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் வண்டன்மேடு போக வேண்டும். இரண்டு வழி. குமுளி மலைப்பாதை 30 கட்டம், கம்பம்மெட்டு வழி 20 கட்டம். தாயக்கட்டை உருட்டி நகர வேண்டும். நாங்கள் நான்கு பேரும் ஆடினோம். நான்கு பேரும் கம்பம்மெட்டு வழியிலேயே போனோம். அவன் முகம் வாடியது. "குமுளி வழியில் யாருமே வரவில்லையே" என்றான். பிறகு அவனே, "வர எந்தக் காரணமும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு பேனாவை எடுத்தான்.

கம்பம்மெட்டு வழியில் ஏழு கட்டங்களில் பனிமூட்டம் வரைந்தான். அங்கே நின்றால் அடுத்த சுற்று நகர முடியாது. இரண்டாவது முறை ஆடியபோது எல்லோரும் குமுளிக்கு மாறிவிட்டோம். ஏழு அதிகம் என்று நான்காகக் குறைத்தான். மூன்றாவது முறை தங்கையும் நானும் ஆளுக்கொரு வழியில் பிரிந்தோம். நிஜத்தில் இரண்டு பாதையிலும் வண்டி ஓட்டியிருக்கும் அவன் அப்பா, முதல் கட்டத்திலேயே காயைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தயங்கினார். கடைசியில் பனிமூட்ட வழியில் இறங்கி, வண்டன்மேட்டுக்கு ஒரே ஒரு கட்டம் இருக்கும்போது என்னிடம் தோற்றார்.

"அந்த இடத்தில் குமுளி வழியைப் பிடித்திருக்க வேண்டும்" என்றார். காலண்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, காய்களை மறுபடி கம்பத்தில் அடுக்கத் தொடங்கினார்.